எந்தச் சட்டக் கல்லூரி? படிப்பு முடிந்த பிறகு வரும் மூன்று ஆண்டுகளிலிருந்து கணக்குப் போடுங்கள்

எல்லோருக்கும் நல்ல சட்டக் கல்லூரி என்று ஒன்று கிடையாது. திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்தில் சொத்து வழக்கு நடத்தப் போகிறவருக்கும், மும்பையில் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதப் போகிறவருக்கும் ஒரே கல்லூரி பொருந்தாது. தரவரிசைப் பட்டியல் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. ஆகவே கல்லூரிப் பெயரை விட்டுவிட்டு, பட்டம் வாங்கிய பிறகு வரும் முதல் மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் இருப்பீர்கள், எந்த மொழியில் வேலை செய்வீர்கள், மாதம் எவ்வளவு கடன் கட்ட வேண்டியிருக்கும்? இந்த மூன்றுக்கும் விடை எழுதினாலே பாதிக் கல்லூரிகள் பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து சட்டம் படிக்கப் போகிறவர்களை மனதில் வைத்து. பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டுப் படிப்பில் சேர்கிறவர்கள், டிகிரி முடித்து மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேர்கிறவர்கள் இருவருக்கும் பொருந்தும்.

முதலில் கதவுகள் எத்தனை என்று பார்த்துவிடலாம்.

ஒன்று, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். இதன் சொந்த வளாகத்தில் இருப்பது சீர்மிகு சட்டப் பள்ளி, பி.ஏ., பி.பி.ஏ., பி.காம்., பி.சி.ஏ. ஆகியவற்றோடு சேர்ந்த ஐந்தாண்டு ஹானர்ஸ் படிப்புகளும், மூன்றாண்டு ஹானர்ஸும் இங்கே உண்டு. இதன்கீழ் சென்னை வட்டாரம், மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர், விழுப்புரம், தருமபுரி, ராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி, காரைக்குடி என்று அரசு சட்டக் கல்லூரிகள் இணைவு பெற்றுள்ளன. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு இல்லை, மதிப்பெண்தான். பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும் சரி. 69 சதவீத இடஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. சீர்மிகு சட்டப் பள்ளிக்கும் இணைவுக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் தனித்தனி. ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டுக்கும் போட்டாயிற்று என்று இருந்துவிடுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள். திருச்சி அருகே நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இதில் அடக்கம். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அங்கே தனி ஒதுக்கீடு உண்டு. நுழைவு கிளாட் என்ற பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு வழியாக. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஐலெட் என்ற தனித் தேர்வு. மூன்றாவது கதவு, சாஸ்த்ரா, வி.ஐ.டி., சவீதா போன்ற தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் சட்டப் பள்ளிகள்.

இனி எந்த வேலைக்கு எந்தக் கதவு என்று பார்ப்போம்.

கோர்ட்டில் நிற்கப் போகிறீர்கள் என்றால்

வழக்கறிஞர் தொழிலுக்குக் கல்லூரியின் பெயரைவிட கல்லூரிக்கும் கோர்ட்டுக்கும் இடையிலுள்ள தூரம் முக்கியம். சென்னை அரசு சட்டக் கல்லூரி ஹைகோர்ட்டை ஒட்டி பாரிமுனையில் இருந்த காலத்தில், காலையில் வகுப்பு, மதியம் கோர்ட், சாயங்காலம் சீனியர் ஆபீஸ் என்று மாணவர்கள் பழகினார்கள். 2018-ல் அந்தக் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டறைபெரும்புதூருக்கும் இடம் மாறியது. அங்கிருந்து ஹைகோர்ட் போய்வர பாதி நாள் போய்விடும். கட்டடம் புதிது, வசதி அதிகம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தினமும் கோர்ட் பார்க்க ஆசைப்படுகிறவர் பஸ் நேரத்தையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மதுரையில் மாவட்ட நீதிமன்றமும் உண்டு, 2004 முதல் ஹைகோர்ட் கிளையும் உண்டு. தென் மாவட்டங்களில் பிராக்டீஸ் செய்ய நினைப்பவர், கட்-ஆஃப் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் சென்னைக்கு ஓடுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

இதற்குக் காரணம் உண்டு. ஜூனியராகச் சேர்வது விளம்பரம் பார்த்து நடப்பதில்லை. மூன்றாம் ஆண்டில் இன்டர்ன்ஷிப் செய்த ஆபீஸ், அங்கே அறிமுகமான குமாஸ்தா, அவர் சொல்லிவிட்ட இன்னொரு சீனியர் என்றுதான் வழி திறக்கும். நான்கைந்து வருஷம் வேறு மாநிலத்தில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர் இந்தச் சங்கிலியைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். முடியாததில்லை, ஒன்றிரண்டு ஆண்டு பிடிக்கும்.

சட்டப் படிப்பையும் வழக்கறிஞர் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதிப்படி ஐந்தாண்டுப் படிப்பில் மொத்தம் 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். ஒரு ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கணக்கில் வராது. ஒருமுறையாவது விசாரணை நீதிமன்ற, மேல்முறையீட்டு வழக்கறிஞர்களிடம் இருந்திருக்க வேண்டும். கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே வருகிறது: "செமஸ்டர் லீவு எந்த மாதங்களில் விடுகிறீர்கள்?" மே மாதம் மட்டும்தான் லீவு என்றால் ஹைகோர்ட்டுக்கும் அப்போது கோடை விடுமுறை. விடுமுறைக் கால அமர்வைத் தவிர பார்க்க ஒன்றும் இருக்காது. டிசம்பரில் விடும் கல்லூரி என்றால் முதல் மூன்று வாரமாவது கோர்ட் முழு வேகத்தில் நடக்கும்.

நூலகத்திலும் ஒரு சோதனை இருக்கிறது. எம்.எல்.ஜே., சி.டி.சி., லா வீக்லி ஆகிய மூன்று தீர்ப்புத் தொகுப்புகளின் நடப்பு மாத இதழ்கள் மேஜையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தீர்ப்புகளைத் தேடும் இணையச் சேவைகளான எஸ்.சி.சி. ஆன்லைன் அல்லது மனுபத்ரா இருந்தால், லாகின் மாணவர் கைக்கு வருகிறதா, நூலகத்தில் ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கிறதா என்று கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் ஆகிய மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் நடைமுறையில் உள்ளன. பழைய வழக்குகளுக்காகப் பழைய சட்டமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால் அலமாரியில் இந்திய தண்டனைச் சட்டப் புத்தகங்கள் மட்டுமே இருந்தால், அந்தக் கல்லூரியில் பாடம் எப்படி நடக்கிறது என்று மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை.

நீதிபதி ஆக வேண்டும் என்றால்

சிவில் நீதிபதி தேர்வுக்குக் குறைந்தது மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்தது. பார் கவுன்சிலில் வழக்கறிஞராகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அந்த அனுபவம் எண்ணப்படும். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலமும் சேரும். படித்து முடித்ததும் நேராகத் தேர்வு எழுதி நீதிபதி ஆகிவிடலாம் என்று சொல்லி அட்மிஷன் போடும் கல்லூரிகளும் கோச்சிங் சென்டர்களும் இந்தத் தீர்ப்புக்கு என்ன பதில் வைத்திருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். விண்ணப்பிக்கும் காலத்தில் டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கையில் இருக்கும் நிபந்தனைதான் கடைசி வார்த்தை.

தமிழ்நாட்டுத் தேர்வில் பலரைக் கவிழ்ப்பது சட்டத் தாள்கள் அல்ல, 100 மதிப்பெண் மொழிபெயர்ப்புத் தாள். சாட்சியத்தையும் ஆவணங்களையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்ற வேண்டும். கிரயப் பத்திரத்தில் "சுவாதீனம்" என்று வந்தால் சொத்து கைவசம் இருப்பது, "பாத்தியம்" என்று வந்தால் உரிமை. இரண்டையும் குழப்பினால் வழக்கே மாறிவிடும். "தபசில் சொத்து", "மாமூல் வழிநடை பாத்தியதை", "கூட்டுப் பட்டா" என்றெல்லாம் வரும் வரிகளை வாசித்துப் பழகாதவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நீதித்துறை இலக்கு உள்ளவருக்கு மாவட்டக் கோர்ட்டுகளோடு ஒட்டிய அரசு சட்டக் கல்லூரி இந்த வகையில் லாபம். வெளிமாநிலத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர் லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு முன்சீப் கோர்ட் வழக்கறிஞரின் ஆபீஸில் பிராது, எதிருரை, பிரமாண வாக்குமூலங்களை வாசித்து ஈடுகட்டலாம்.

அரசு உதவி வழக்கு நடத்துநர் பதவிக்கும் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு பிராக்டீஸ் கேட்கிறார்கள். ஆக அரசுப் பதவி என்றாலும் சில ஆண்டு கோர்ட் வாசம் தப்பாது.

கார்ப்பரேட் வேலை என்றால்

இங்கே கணக்கு தலைகீழ். மும்பை, டெல்லி, பெங்களூருவில் உள்ள பெரிய சட்ட நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்குப் போவது குறிப்பிட்ட சில கல்லூரிகளுக்குத்தான். பெரும்பாலும் பழைய தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள். மற்றக் கல்லூரிகளிலிருந்தும் போகிறார்கள், ஆனால் அவரவர் தேடிப் பிடித்த இன்டர்ன்ஷிப் வழியாக. எனவே இந்த இலக்கு உறுதி என்றால் கிளாட்டுக்கு உழைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கிளாட் 120 கேள்வி, 2 மணி நேரம், தவறான விடைக்கு 0.25 குறையும். ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும். ஆங்கில வாசிப்பு, நடப்பு நிகழ்வுகள், சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், அடிப்படைக் கணக்கு என்று ஐந்து பகுதி. எல்லாமே நீளமான பத்திகளை வாசித்துப் பதில் சொல்வது. தமிழ்வழி மாணவருக்குச் சட்ட அறிவு இல்லாதது தடையாவதில்லை, வாசிக்கும் வேகம்தான் தடையாகிறது. தினம் ஒரு ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தைப் பிளஸ் ஒன்னிலேயே தொடங்கினால் சமாளிக்கலாம். பிளஸ் டூ பாதியில் தொடங்கினால் கஷ்டம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று தேதி. அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான கிளாட்டும் ஐலெட்டும் முந்தைய டிசம்பரிலேயே நடந்துவிடுகின்றன. விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே திறந்து மூடிவிடும். பொதுத்தேர்வு முடிந்த பிறகு யோசிக்கலாம் என்று இருப்பவருக்கு மே மாதத்தில் மிச்சம் இருப்பது அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழக விண்ணப்பமும் தனியார் கல்லூரிகளும்தான்.

பிளேஸ்மென்ட் அறிக்கையை எப்படி வாசிப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு, ஒரு வகுப்பில் 120 பேர். வளாகத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 40 பேர். வேலை கிடைத்தவர்கள் 36 பேர். கையேட்டில் "90 சதவீதம்" என்று அச்சாகும். வகுப்புக் கணக்கில் அது 30 சதவீதம். இதில் பொய் எதுவும் இல்லை, வகுத்த எண்தான் வேறு. அதேபோல "உச்சபட்ச சம்பளம்" என்பது ஒரே ஒருவருடையது; சராசரி என்பதையும் அந்த ஒருவர் மேலே இழுத்துவிடுவார். சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள். வேலை கொடுத்தது சட்ட நிறுவனமா, தீர்ப்புச் சுருக்கம் எழுதும் அவுட்சோர்சிங் கம்பெனியா என்பதையும் கேளுங்கள். அலுவலகத்தில் பதில் கிடைக்கவில்லை என்றால் போன வருஷம் முடித்த ஐந்து பேரை லிங்க்டின்னில் தேடினால் போதும்.

விருப்பப் பாடப் பட்டியலும் இப்படித்தான். திவால் சட்டம், போட்டிச் சட்டம், பங்குச் சந்தை ஒழுங்குமுறை என்று இருபது பாடம் அச்சடித்திருப்பார்கள். கடந்த செமஸ்டரில் உண்மையில் நடந்தவை எத்தனை, நடத்தியவர் யார் என்று நான்காம் ஆண்டு மாணவரிடம் கேட்டால் மூன்று நான்கு என்று வரும்.

கடனும் வருமானமும்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிலும் தனியார் சட்டப் பள்ளிகளிலும் ஹாஸ்டலோடு சேர்த்து ஆண்டுக்குச் சில லட்சம் ஆகும். அரசு சட்டக் கல்லூரிக் கட்டணம் அதில் ஒரு சிறு துண்டு. 12 லட்சம் கல்விக் கடன், 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 15,860 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு நகரத்தில் 20,000, கிராமப் பகுதியில் 15,000 ரூபாய் மாத ஊக்கத்தொகை தரலாம் என்று பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 2024 அக்டோபரில் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. அதைவிடக் குறைவாகத் தரும் ஆபீஸ்கள் ஏராளம்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோர்ட்டில் நிற்க ஆசைப்பட்டு, பெரிய கடன் வாங்கி, விலை உயர்ந்த கல்லூரியில் சேர்கிறவர் கடைசியில் தவணைக்காகப் பிடிக்காத கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார். எங்கள் கருத்தில் மாணவர்கள் செய்யும் மிக விலையுயர்ந்த பிழை இதுதான். வழக்கறிஞர் ஆவதே இலக்கு, குடும்பத்தில் பணம் இல்லை என்றால், அரசு சட்டக் கல்லூரியில் படித்து, மிச்சமாகும் பணத்தை முதல் இரண்டு வருஷ வாடகைக்கும் புத்தகத்துக்கும் வைத்துக்கொள்வது மேல். முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை, கல்வி உதவித்தொகை ஆகியவற்றுக்கான சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்; கவுன்சலிங் சமயத்தில் தாலுகா ஆபீஸ் அலைச்சல் வேண்டாம்.

வேறு சில இலக்குகள்

அறிவுசார் சொத்துரிமை என்று சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும். பி.ஏ., எல்.எல்.பி. முடித்தவர் வணிகக்குறி, பதிப்புரிமை வழக்குகள் எடுக்கலாம், பேட்டன்ட் ஏஜென்ட் ஆக முடியாது. இந்த ஆசை இருந்தால் முதலில் பி.எஸ்சி. அல்லது பி.இ., அதன்பின் மூன்றாண்டு எல்.எல்.பி. என்பதே சரியான வரிசை. கிண்டியில் பேட்டன்ட் அலுவலகம் இருப்பதால் சென்னையில் படிப்பது கூடுதல் வசதி.

வங்கிச் சட்ட அதிகாரி பதவிக்கு எல்.எல்.பி.யோடு வழக்கறிஞராகப் பதிவும் வேண்டும்; கல்லூரிப் பெயர் பார்ப்பதில்லை. சில பொதுத்துறை நிறுவனங்கள் முதுநிலை கிளாட் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கின்றன. சட்டக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு எல்.எல்.எம்., நெட் தகுதித் தேர்வு. இவற்றுக்கெல்லாம் எந்த அங்கீகாரம் பெற்ற கல்லூரியும் போதும்.

டிகிரி முடித்தவர்களுக்கு

மூன்றாண்டுப் படிப்பில் சேர 10, பிளஸ் டூ, டிகிரி என்ற வரிசை முறையாக இருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் பதிவின்போது மாட்டிக்கொள்கிறார்கள். அஞ்சல்வழி எல்.எல்.பி. என்று ஒன்று வழக்கறிஞர் தொழிலுக்குச் செல்லாது. வேலையை விடாமல், "வகுப்புக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று அழைக்கும் கல்லூரிகளைக் கோர்ட் வட்டாரத்தில் லெட்டர்பேட் கல்லூரி என்பார்கள். விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். பதிவுக்கு வரும்போது அதே காலத்தில் முழுநேர வேலையில் சம்பளம் வாங்கிய விவரம் வெளிவந்தால், மூன்று வருஷப் பணமும் பட்டமும் கேள்விக்குறிதான்.

ஐந்தாண்டுப் படிப்புக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: மூன்று வருஷம் படித்துப் பிடிக்கவில்லை என்று பி.ஏ. பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேற முடியாது. விதி அனுமதிக்கவில்லை. சட்டம்தானா என்று உறுதியாகத் தெரியாதவர் முதலில் ஒரு டிகிரியை முடித்துவிட்டு வருவதில் ஒரு குறையும் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன்

பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. கல்லூரிப் பெயர் இருப்பது மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பு, நீங்கள் சேரும் ஆண்டு ஆகிய இரண்டுக்கும் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பி.ஏ., எல்.எல்.பி.க்கு ஒப்புதல் வாங்கியவர்கள் பி.பி.ஏ., எல்.எல்.பி.யையும் சேர்த்துத் தொடங்கியிருக்கலாம். "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்றால் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். வந்த பிறகு சேரலாம். அங்கீகாரம் இல்லாத படிப்பில் வாங்கிய பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது.

பதிவுச் செலவைப் பற்றியும் பயமுறுத்துவார்கள். சட்டம் சொன்ன தொகைக்கு மேல் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். வழக்கறிஞராகத் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வின் கட்டணம் தனி.

கல்லூரியை நேரில் பார்க்கப் போனால் விடுமுறை நாளிலோ, அட்மிஷன் மேளா நாளிலோ போகாதீர்கள். செமஸ்டர் நடுவில், ஒரு செவ்வாய் அல்லது புதன், காலை பதினொரு மணிக்குப் போய் வகுப்பறைகளைக் கடந்து நடந்தால் எத்தனை வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார் என்பது தெரியும். மாணவர்கள் மாதிரி வழக்காடிப் பழகும் மூட் கோர்ட் அறை பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். மூட் கோர்ட் போட்டிக்கு வெளியூர் போகும் அணிக்கு ரயில் செலவைக் கல்லூரி தருகிறதா என்று கேளுங்கள். ஹாஸ்டல் கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதும் முக்கியம், குறிப்பாகப் பெண்களுக்கு: மாலை ஐந்து மணிக்கு மேல்தான் சீனியர் ஆபீஸில் வேலையே தொடங்கும், ஆறரைக்குப் பூட்டும் ஹாஸ்டலில் இருந்துகொண்டு அங்கே எதையும் கற்க முடியாது.

இடத்தைப் பிடித்துவைக்க முன்பணம் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். கிளாட் கவுன்சலிங்கும் தனியார் கல்லூரி அட்மிஷனும், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கு முன்பே முடிந்துவிடக்கூடும். பின்னால் வேறு இடம் கிடைத்தால் பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், அன்றே கையில் திரும்ப வந்துவிட வேண்டும். அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. கவுண்டரில் மறுத்தால் அந்த விதியை அச்செடுத்துக் காட்டுங்கள்.